12 லட்சத்துக்குப் பழைய பிரிண்டிங் மெஷின்: தம்பி கடையில பணம் போடுறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் பாருங்க

போன தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை. திண்டுக்கல் ஆபீஸ்ல ஜிஎஸ்டி ரிட்டர்ன் வேலை ஓடிக்கிட்டு இருந்தது. அண்ணன், தம்பி ரெண்டு பேர் வந்து உட்கார்ந்தாங்க. அண்ணனுக்கு 29 வயசு, பெங்களூரில் ஐடி வேலை. தம்பி நாகல் நகர் பக்கம் சின்னதா ஒரு டி-ஷர்ட் பிரிண்டிங் கடை வச்சிருக்கார். கையால சுத்துற நாலு கலர் மெஷின் ஒண்ணு, ரெண்டு ஹெல்ப்பர். மாசம் சுமார் 2,500 பீஸ் ஓடுது.

தம்பி போனை எடுத்து ஒரு வீடியோ காட்டினார். திருப்பூர்ல ஒரு ஷெட். உள்ள ஒரு ஆட்டோமேட்டிக் ஸ்கிரீன் பிரிண்டிங் மெஷின் ராட்டினம் மாதிரி சுத்துது. 8 கலர், 10 ஸ்டேஷன்.

"சார், புதுசு வாங்கினா இதைப் போல பல மடங்கு ஆகும். இவர் 12 லட்சத்துக்குத் தர்றார். மணிக்கு 700 பீஸ் அடிக்கும். திங்கட்கிழமைக்குள்ள ஒரு லட்சம் அட்வான்ஸ் போடணும். இன்னும் ரெண்டு பார்ட்டி கேட்டுட்டு இருக்காங்களாம்."

பணம் எங்கிருந்து வருதுன்னு கேட்டேன். அண்ணன் மெதுவா சொன்னார்: "எஃப்டி ஆறரை லட்சம் இருக்கு சார். அடுத்த வருஷம் கல்யாணத்துக்குன்னு சேர்த்தது. மீதிக்கு பர்சனல் லோன் அப்ரூவ் ஆயிடுச்சு."

இந்தக் கட்டுரை உங்களுக்கும்தான். நீங்க பிரிண்டிங் தொழில்ல இல்லாம இருக்கலாம். ஆனா மாசச் சம்பளம் வாங்குற நம்மள்ல பல பேருக்கு ஊர்ல ஒரு தம்பியோ, மச்சானோ, நண்பனோ இருக்கான். அவனுக்கு ஒரு கடை, ஒரு மெஷின், ஒரு கனவு. "நீ மட்டும் கொஞ்சம் கை கொடுத்தா போதும்"ங்கிற அந்த போன் கால் என்னைக்காவது ஒருநாள் வரும். அன்னைக்கு எந்தக் கணக்கைப் போடணும்னு இங்க படிப்படியா சொல்றேன்.

முதல்ல என் தப்பைச் சொல்லிடுறேன்

சில வருஷம் முன்னாடி இதே மாதிரி ஒரு பழைய மெஷினுக்கு பேங்க் லோன் வாங்க ஒரு கிளையன்ட்டுக்கு நான்தான் புராஜெக்ட் ரிப்போர்ட் போட்டுக் கொடுத்தேன். விற்கிறவர் சொன்ன வேகத்தை எடுத்தேன், எட்டு மணி நேரத்தால பெருக்கினேன், 25 நாளால பெருக்கினேன். எக்செல்ல லாபம் பொங்கி வழிஞ்சது. லோனும் கிடைச்சது. ஆனா அந்த வேகத்துக்கு ஆர்டர் எங்கிருந்து வரும்னு நான் கேட்கவே இல்ல. மெஷின் நல்லாத்தான் ஓடுச்சு, மாசத்துல ஆறேழு நாள். மீதி நாள் அது மேல துணி போர்த்தி வச்சிருந்தாங்க. லோன் இன்னும் ஓடிக்கிட்டு இருக்கு. அதனால இந்த அண்ணன் தம்பி வந்தப்போ எக்செல்லைத் திறக்கலை, கேள்வியை ஆரம்பிச்சேன்.

இந்த மெஷின் என்ன செய்யும், என்ன செய்யாது?

வட்டமா சுத்தி ஒவ்வொரு கையிலும் ஒரு கலர் அடிக்கிற இந்த அமைப்பு ரொம்பப் பழசு. அமெரிக்காவில் மைக்கேல் வாசிலன்டோன் என்பவர் சுழலும் பல வண்ண ஆடை அச்சு இயந்திரத்துக்கு 1969-ல் காப்புரிமை வாங்கினார். இன்னைக்கு திருப்பூர் ஷெட்டுகள்ல பார்க்கிற அமெரிக்க எம் அண்ட் ஆர், ஆஸ்திரிய எம்எச்எம், போர்ச்சுகலின் ராக் எல்லாம் அந்த யோசனையோட வளர்ந்த வாரிசுகள்தான்.

ஆட்டோமேட்டிக் மெஷின் அடிக்கிற நேரத்தைக் குறைக்கும். ஆனா டிசைன் பிரிக்கிறது, ஸ்கிரீன் எக்ஸ்போஸ் பண்றது, ஒவ்வொரு கலரையும் ஒண்ணு மேல ஒண்ணு சரியா உட்கார வைக்கிற ரெஜிஸ்ட்ரேஷன், வேலை முடிஞ்சதும் ஸ்கிரீன் கழுவுறது, இதெல்லாம் அப்படியேதான் இருக்கும்.

ஒரு மாதிரி கணக்கு. நாலு கலர் டிசைன். செட்டிங்குக்கு ரெண்டு மெஷின்லயும் 1 மணி நேரம்னு வச்சுக்குவோம். கையால மணிக்கு 50 பீஸ், ஆட்டோமேட்டிக்ல நிஜமா மணிக்கு 300 பீஸ்.

100 பீஸ் ஆர்டர்: கையால 3 மணி நேரம். ஆட்டோமேட்டிக்ல 1 மணி 20 நிமிஷம்.
1,000 பீஸ் ஆர்டர்: கையால 21 மணி நேரம். ஆட்டோமேட்டிக்ல 4 மணி 20 நிமிஷம்.
30 பீஸ் ஆர்டர்: கையால 1 மணி 36 நிமிஷம். ஆட்டோமேட்டிக்ல 1 மணி 6 நிமிஷம்.

பார்த்தீங்களா? மெஷின் வேகம் ஆறு மடங்கு. 30 பீஸ் ஆர்டர்ல மிச்சம் வெறும் அரை மணி நேரம். அதனால நான் தம்பிகிட்ட கேட்ட முதல் கேள்வி: "உங்க ஆர்டர் சராசரியா எத்தனை பீஸ்?"

அவர் யோசிச்சார். "எல்லாம் கலந்து வரும் சார். பழனி பாதயாத்திரை குரூப், ஜல்லிக்கட்டு டீம், காலேஜ் சிம்போசியம், கோயில் திருவிழா, மில் யூனிஃபார்ம்..." எண்ணிக்கை மட்டும் வரலை.

12 லட்சம்னு சொல்றது 12 லட்சம் இல்ல

பழைய பைக் வாங்கினா ஆர்சி மாத்தி ஓட்டிட்டு வந்துடலாம். இந்த மெஷின் அப்படி இல்ல. அன்னைக்கு நாங்க மூணு பேரும் உட்கார்ந்து எழுதின பட்டியல் இது. உங்க கேஸ்ல தொகை மாறும், தலைப்பு மாறாது.

மெஷின் விலை: ரூ.12,00,000
கிரேன், லாரி, பிரிச்சு மாட்டுறது: ரூ.60,000
கம்ப்ரசர், ஏர் டிரையர்: ரூ.1,80,000
பிளாஷ் யூனிட், கன்வேயர் டிரையர்: ரூ.2,50,000
த்ரீ ஃபேஸ் லோடு, வயரிங்: ரூ.80,000
சர்வீஸ், தேய்ஞ்ச பார்ட்ஸ்: ரூ.1,50,000
புது அளவு ஃபிரேம், ஸ்க்வீஜி: ரூ.40,000
மூணு மாச நடைமுறை மூலதனம்: ரூ.2,00,000

மொத்தம் ரூ.21,60,000. ஜிஎஸ்டி தனி. எஃப்டி ஆறரை லட்சம் போனா, கடன் அஞ்சரை லட்சம் இல்ல, சுமார் 15 லட்சம். அண்ணன் முகம் மாறினது இந்த இடத்துலதான்.

மாசத்துக்கு எத்தனை பீஸ் அடிச்சா தலை தப்பும்?

15 லட்சம் கடன், 12 சதவீத வட்டி, 5 வருஷம். இஎம்ஐ ரூ.33,367. இதோட கூடுற மாசச் செலவு: மெஷின் தெரிஞ்ச ஆபரேட்டர் ரூ.20,000, கூடுதல் கரண்ட் ரூ.9,000, கூடுதல் இடத்துக்கு வாடகை ரூ.6,000, ரிப்பேருக்குன்னு எடுத்து வைக்கிறது ரூ.6,000. மொத்தம் ரூ.74,367. ஒரு ஹெல்ப்பர் குறைஞ்சா மிச்சம் ரூ.15,000. ஆக, மாசம் புதுசா சம்பாதிக்க வேண்டியது ரூ.59,367.

ஒரு பீஸுக்குப் பிரிண்டிங் சார்ஜ் ரூ.20, இங்க், எமல்ஷன், கழிவு பீஸ் எல்லாம் சேர்த்து ரூ.8. கையில நிக்கிறது ரூ.12. அப்போ 59,367-ஐ 12-ஆல் வகுத்தா 4,947. கிட்டத்தட்ட 5,000 பீஸ்.

கவனிங்க. இது இப்போ ஓடுற 2,500-க்கு மேல கூடுதலா வரவேண்டிய 5,000. அதாவது இன்னைக்கு இருக்கிற வியாபாரம் மூணு மடங்கு ஆனாத்தான் லாபமும் இல்ல, நஷ்டமும் இல்ல. அண்ணன் போட்ட ஆறரை லட்சத்துக்கு வட்டி இன்னும் கணக்குலயே வரலை.

இன்னொரு பக்கம் பாருங்க. மொத்தம் 7,500 பீஸை அந்த மெஷின் மணிக்கு 300 வேகத்துல அடிச்சா 25 மணி நேரம். செட்டிங் நேரத்தைத் தாராளமா சேர்த்தாலும் பாதி மாசத்துக்கு மேல மெஷின் சும்மா நிக்கும். இஎம்ஐ மட்டும் ஞாயித்துக்கிழமை கூட லீவு போடாது. திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடே கிடைச்சது. ஆனாலும் பூட்டு செய்றவங்க வீட்டுல அடுப்பு எரியணும்னா பூட்டு வாங்க ஆள் வரணும் இல்லையா? அதே கதைதான் இங்கயும்.

இன்னொரு போட்டியும் இருக்கு. 20, 30 பீஸ் ஆர்டரை, அதுவும் போட்டோ மாதிரி டிசைனை, இப்போ டிடிஎஃப் பிரிண்ட் எடுத்து ஹீட் பிரஸ்ல ஒட்டிக் கொடுத்துடறாங்க. ஸ்கிரீனே வேண்டாம். பெரிய ஆர்டர்னா ஒட்டன்சத்திரம், தாராபுரம் வழியா ரெண்டரை மணி நேரத்துல திருப்பூர். நடுவுல இருக்கிற 100 முதல் 1,000 பீஸ் ஆர்டர்தான் உங்க களம். அது உங்க ஊர்ல எவ்வளவு இருக்கு?

நேர்ல போய் என்ன பார்க்கணும்?

கணக்கு சரியா வந்துடுச்சுன்னே வச்சுக்குங்க. அப்பவும் வீடியோ பார்த்து அட்வான்ஸ் போடாதீங்க. மெஷின் தெரிஞ்ச ஒரு மெக்கானிக்கை அழைச்சிட்டு போங்க. அவருக்குக் கொடுக்கிற ஃபீஸ் செலவு இல்ல, இன்சூரன்ஸ்.

ஒண்ணு, வெறுமனே சுத்திக் காட்டினா போதாதுன்னு சொல்லுங்க. எல்லாக் கையிலும் ஸ்கிரீன் மாட்டி, மெல்லிய கோடு உள்ள டிசைனை 50 பீஸ் அடிச்சுக் காட்டச் சொல்லுங்க. முதல் பீஸும் அம்பதாவது பீஸும் ஒண்ணா இருக்கணும். கோடு விலகினா ரெஜிஸ்ட்ரேஷன் தேய்ஞ்சு போச்சுன்னு அர்த்தம்.

ரெண்டு, காத்து ஏத்திட்டு மெஷினை நிறுத்தச் சொல்லிக் காது கொடுத்துக் கேளுங்க. "உஸ்"னு சத்தம் வந்தா லீக். அது உங்க கம்ப்ரசரையும் கரண்ட் பில்லையும் சேர்த்துத் தின்னும்.

மூணு, பேலட் எல்லாம் ஒரே மட்டத்துல இருக்கா, கைகள்ல வெல்டிங் வச்ச தடம் இருக்கான்னு பாருங்க.

நாலு, பிஎல்சி, டச் ஸ்கிரீன் பாஸ்வேர்டு, மேனுவல், வயரிங் டயக்ராம் கையில வருமான்னு கேளுங்க. அந்த மாடலுக்கு போர்டு போனா எங்க கிடைக்கும், எத்தனை நாள் ஆகும்? மெஷின் கம்பெனிக்கோ இந்திய ஏஜென்ட்டுக்கோ சீரியல் நம்பரைச் சொல்லி நீங்களே விசாரிங்க.

அஞ்சு, நேம் பிளேட். நம்ம ஊர் த்ரீ ஃபேஸ் 415 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அமெரிக்காவுல ஓடின மெஷின்னா 60 ஹெர்ட்ஸ், வோல்டேஜும் வேற. டிரான்ஸ்ஃபார்மர் வேணும். சாதாரண மோட்டார்னா ஆறுல ஒரு பங்கு வேகமும் குறையும். ஐரோப்பிய மெஷின்ல இந்தத் தொல்லை குறைவு. கம்ப்ரசர் 10 எச்பின்னா அது மட்டுமே கிட்டத்தட்ட ஏழரை கிலோவாட். எலெக்ட்ரிக் டிரையர் அதுக்கும் மேல. உங்க கடைக்கு எவ்வளவு லோடு அனுமதி இருக்குன்னு மின்வாரிய பில்லை எடுத்துப் பாருங்க.

ஆறு, உங்க கடை ஷட்டரோட அகலம். சிரிக்காதீங்க. மெஷினை இறக்கின பிறகு சுவரை இடிச்சவங்க இருக்காங்க.

சிஏவா நான் கேட்கிற பேப்பர்கள்

இந்தப் பகுதியைத்தான் எல்லாரும் தாண்டிப் போறாங்க. பணம் அதிகம் போறதும் இங்கதான்.

ஈபிசிஜி: ஏற்றுமதி செய்ற கம்பெனிகள் சுங்க வரி கட்டாம மெஷின் இறக்குமதி பண்ண மத்திய அரசு தர்ற திட்டம் இது. பதிலுக்கு, மிச்சமான வரியைப் போல ஆறு மடங்குக்கு ஆறு வருஷத்துல ஏற்றுமதி செஞ்சு காட்டணும். அந்தக் கடமை முடியுற வரைக்கும் மெஷினை அவங்களேதான் பயன்படுத்தணும், கைமாத்தக் கூடாது. திருப்பூர் மெஷின்னா இந்தக் கேள்வி கட்டாயம்: "இது ஈபிசிஜில வந்ததா? கடமை முடிஞ்ச சான்றிதழ் இருக்கா?" இறக்குமதி மெஷின்னா பில் ஆஃப் என்ட்ரி காப்பியும் வாங்கிக்குங்க.

பேங்க் அடமானம்: அந்த மெஷின் மேல விற்கிறவருக்கு லோன் இருக்கலாம். கம்பெனின்னா எம்சிஏ இணையதளத்தில் சார்ஜ் பதிவு தெரியும். செர்சாய் பதிவேட்டிலும் தேடலாம். பேங்க்ல இருந்து தடையில்லாச் சான்று இல்லாம அட்வான்ஸ் போடாதீங்க. மெஷின் உங்க கடைக்கு வந்த பிறகு பேங்க்காரர் வந்து நின்னா என்ன செய்வீங்க?

ஜிஎஸ்டி: பதிவு பெற்றவர் விற்றா பில் போட்டு வரி வாங்குவார். 18 சதவீதம்னு பில் வந்தா 12 லட்சத்துக்கு ரூ.2,16,000. தம்பி கடை ரெகுலர் முறையில் பதிவு பண்ணியிருந்தா இதை இன்புட் கிரெடிட்டா எடுக்கலாம். அதுக்கு அந்த பில் உங்க ஜிஎஸ்டிஆர்-2பி-ல வந்திருக்கணும். காம்போசிஷன்ல இருந்தாலோ பதிவே இல்லைன்னாலோ முழுத் தொகையும் உங்க செலவு. திருப்பூர்ல இருந்து திண்டுக்கல் வர்றதுக்கு இ-வே பில் வேணும். தமிழ்நாட்டுக்குள்ள ஒரு லட்சத்துக்கு மேல போற சரக்குக்கு அது கட்டாயம்.

பாதி கேஷ்: "ஏழு லட்சத்துக்கு பில் போடலாம், அஞ்சு லட்சம் கையில கொடுங்க." இது கண்டிப்பா வரும். ஒத்துக்காதீங்க. சொத்து வாங்க ஒரே நாள்ல ஒருத்தருக்கு 10,000 ரூபாய்க்கு மேல ரொக்கமா கொடுத்தா, வருமான வரிக் கணக்குல அந்தத் தொகைக்கு மதிப்பே இல்ல, தேய்மானமும் கிடைக்காது. ரெண்டு லட்சமோ அதுக்கு மேலயோ ரொக்கமா வாங்கினவருக்கு அதே அளவு அபராதம் வரலாம். நாளைக்கு மெஷின்ல தகராறு வந்தா உங்க கையில இருக்கிற ஆதாரம் ஏழு லட்சத்துக்கு மட்டும்தான்.

தேய்மானம்: மெஷினுக்கு வருஷம் 15 சதவீதம். 12 லட்சத்துக்கு முதல் வருஷம் ரூ.1,80,000. அந்த வருஷம் 180 நாளுக்குக் குறைவா பயன்படுத்தினா பாதி. புது மெஷினுக்குக் கிடைக்கக்கூடிய 20 சதவீதக் கூடுதல் தேய்மானம் பழசுக்குக் கிடையாது. தம்பி அனுமான வருமான முறையில் ரிட்டர்ன் போடுறவர்னா தேய்மானத்தைத் தனியா கழிக்கவே முடியாது.

மானியம்: அரசு மானியத் திட்டங்கள் பெரும்பாலும் புது மெஷினை வச்சுத்தான் இருக்கு. மானியம் வரும்னு நம்பிப் பழசை வாங்காதீங்க. பணம் போடுறதுக்கு முன்னாடி மாவட்டத் தொழில் மையத்துல போய்க் கேளுங்க. சில சமயம் மானியத்தோட புதுசும், மானியம் இல்லாத பழசும் நெருங்கி வந்து நிக்கும்.

கழிவு நீர்: ஸ்கிரீன் கழுவுற தண்ணியில இங்க்கும் கெமிக்கலும் போகும். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூர் சாயப்பட்டறைகள் மூடப்பட்டது ஞாபகம் இருக்கும். தோல் பதனிடும் தொழிலால நிலத்தடி நீர் கெட்ட அனுபவம் நம்ம ஊருக்கும் உண்டு. வேலை பெருசாகும்போது மாசு கட்டுப்பாட்டு வாரியத்தோட அனுமதி எது வேணும்னு முன்கூட்டியே கேட்டுக்கிறது நல்லது.

சம்பளக்காரர் பணம் போட்டா அவருக்கு என்ன ஆகும்?

அண்ணனுக்கு நான் தனியா சொன்னது இது. நீங்களும் கவனிங்க.

கடையை உங்க பேர்ல வச்சா அது தொழில் வருமானம். அதுல நஷ்டம் வந்தா சம்பளத்துல கழிச்சு டிடிஎஸ் திரும்ப வாங்கிடலாம்னு சில பேர் சொல்றாங்க. முடியாது. தொழில் நஷ்டத்தைச் சம்பள வருமானத்தோட ஈடு கட்ட சட்டம் அனுமதிக்கலை. கெடுவுக்குள்ள ரிட்டர்ன் போட்டா 8 வருஷம் வரை எடுத்துட்டுப் போய், பின்னாடி வர்ற தொழில் லாபத்துல மட்டும் கழிக்கலாம்.

சம்பளம் மட்டும் இருந்தா வருஷா வருஷம் பழைய வரி முறை, புதிய வரி முறைன்னு மாத்திக்கலாம். தொழில் வருமானம் வந்துட்டா அந்தச் சுதந்திரம் போயிடும். புதுசை விட்டுப் பழசுக்குப் போனா, திரும்பி வர ஒரே ஒரு வாய்ப்பு. ரிட்டர்னும் எளிமையான ஐடிஆர்-1-ல போட முடியாது. இதோட உங்க அப்பாயின்ட்மென்ட் லெட்டர்ல வெளித்தொழில் செய்யக் கூடாதுன்னு இருக்கான்னு பாருங்க. அரசு ஊழியர்னா அனுமதி இல்லாம இறங்கவே கூடாது.

உங்க பேர்ல பர்சனல் லோன் எடுத்துத் தம்பிக்குக் கொடுத்தா, அந்த வட்டிக்கு உங்க சம்பளத்துல எந்தக் கழிவும் இல்ல. லோன் தம்பி கடை பேர்ல இருந்தா அந்த வட்டி கடையோட செலவு. முத்ரா மாதிரி தொழில் கடன் கிடைக்குமான்னு முதல்ல பார்க்கணும்.

பணத்தை எந்தப் பேர்ல கொடுக்கிறீங்க? அன்பளிப்பா கொடுத்தா தம்பிக்கு வரி இல்ல, ஆனா பணம் திரும்பாது. கடனா கொடுத்தா பேங்க் வழியா கொடுங்க, ஒரு பேப்பர்ல எழுதுங்க. வட்டி வாங்கினா அது உங்க வருமானம். பங்குதாரரா சேர்ந்தா கடையோட கடனுக்கு உங்க சொத்தும் பொறுப்பு. இந்த மூணுல எதுன்னு சொல்லாம "சும்மா கொடுத்தேன்"னு கொடுத்த பணம்தான் பின்னாடி அண்ணன் தம்பி பேச்சுவார்த்தையை நிறுத்துது. எழுதி வைக்கிறது சந்தேகம் இல்ல, உறவுக்குப் பாதுகாப்பு.

90 நாள் நோட்டு

அன்னைக்கு நான் சொன்ன தீர்வு ஒரு 40 பக்க நோட்டு. "90 நாள், உங்களால முடியாம திருப்பி அனுப்பின ஒவ்வொரு ஆர்டரையும் எழுதுங்க. தேதி, எத்தனை பீஸ், எத்தனை கலர், ஏன் முடியலை. பெரிய ஆர்டர் வந்தா விடாதீங்க. திருப்பூர்ல ஜாப் ஒர்க் கொடுத்து அடிச்சு வாங்கிக் கொடுங்க. லாபம் குறையும், ஆனா கஸ்டமர் உங்ககிட்ட நிப்பார். மாசம் 5,000 பீஸ் அப்படி வெளியில போச்சுன்னா, நானே லோனுக்கு ரிப்போர்ட் போட்டுத் தர்றேன்."

தம்பிக்குக் கோபம். "அதுக்குள்ள மெஷின் போயிடும் சார்." போனா போகட்டும்னேன். அவசரப்படுத்துற டீல் எதுவும் நமக்கான டீல் இல்ல. 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருட்கள் மேல அமெரிக்க வரி 50 சதவீதம் ஆனப்போ திருப்பூர் ஏற்றுமதிக்கு விழுந்த அடி எல்லாருக்கும் தெரியும். ஆர்டர் குறைஞ்ச நேரத்துல மெஷின் விலைக்கு வர்றது அதிசயம் இல்ல, அது ஒண்ணே ஒண்ணுதான்னு சொல்றதை நம்பவும் வேண்டாம். தம்பி ஒரு மாசம் என்கிட்ட பேசலை. அண்ணன் மட்டும் நோட்டு எழுதுறாரான்னு ஞாயிறு தோறும் போன் பண்ணிக் கேட்டுக்கிட்டு இருந்தார்.

பொங்கல் முடிஞ்சு நோட்டு வந்தது. மொத்தம் 41 ஆர்டர், சுமார் 3,300 பீஸ். மாசத்துக்கு 1,100. நமக்கு வேண்டியது 5,000. அதுலயும் 100 பீஸுக்கு மேல 6 ஆர்டர்தான்.

ஆனா நான் எதிர்பார்க்காத ஒண்ணும் அதுல இருந்தது. "ஏன் முடியலை"ங்கிற பத்தியில 23 இடத்துல ஒரே வார்த்தை: "காயலை".

அவங்க அடிக்கிறது தண்ணி பேஸ் இங்க். மொட்டை மாடியில வெயில்ல காய வச்சு, அப்புறம் ஹீட் பிரஸ்ல சூடு கொடுத்துக்கிட்டு இருந்தாங்க. ஐப்பசி, கார்த்திகை மழையில வெயில் ஏது? கையால அடிச்ச 50 பீஸே காயாம கிடந்திருக்கு. பிளாஸ்டிசால் இங்க்குக்கு மாறலாம்னா அது வெயில்ல காயவே காயாது, 160 டிகிரி பக்கம் சூடு வேணும். அப்படின்னா தீபாவளிக்கு அந்த ஆட்டோமேட்டிக்கை மட்டும் வாங்கி வச்சிருந்தா என்ன ஆகியிருக்கும்? மணிக்கு 300 ஈர டி-ஷர்ட் குவிஞ்சிருக்கும்.

கடைக்குத் தேவைப்பட்டது டிரையர். ஒரு சின்ன கன்வேயர் டிரையரும் பிளாஷ் யூனிட்டும், வயரிங்கோட சேர்த்து ரூ.2,40,000-க்கு வாங்கினாங்க. பில்லோட, பேங்க் வழியா, அண்ணன் தம்பிக்குக் கடன்னு ஒரு பேப்பர் எழுதி. கடை லோடுக்குள்ளயே அடங்கிடுச்சு. தைப்பூச பாதயாத்திரை ஆர்டர் எதையும் அந்த வருஷம் திருப்பி அனுப்பலை. எஃப்டில ரூ.4,10,000 அப்படியே இருக்கு. கல்யாணத் தேதியும் மாறலை.

ஆட்டோமேட்டிக் வாங்கவே கூடாதுன்னு நான் சொல்லலை. நோட்டு இப்பவும் கடையில இருக்கு. 100 பீஸுக்கு மேல வர்ற ஆர்டரைத் தம்பி தனிப் பக்கத்துல எழுதிட்டு வர்றார். அந்தப் பக்கம் மாசம் 5,000-ஐத் தொடுற அன்னைக்கு, மெக்கானிக்கையும் என்னையும் கூட்டிக்கிட்டு திருப்பூர் போறதா பேச்சு. காபி செலவு அவரோடது.

உங்க வீட்டுலயும் இப்படி ஒரு மெஷின் பேச்சு ஓடுதா? அட்வான்ஸ் போடுறதுக்கு முன்னாடி ஒரு நோட்டு வாங்கிக் கொடுங்க. இந்தப் பட்டியலை அப்படியே உங்க தம்பிக்கு ஃபார்வர்டு பண்ணுங்க. தேய்மானம், ஜிஎஸ்டி கணக்கை எக்செல்ல போடுறது எப்படின்னு அடுத்த வீடியோவுல நேரடியாப் போட்டுக் காட்டுறேன்.

(மேல உள்ள தொகைகள் புரியுறதுக்கான மாதிரி கணக்கு. வரி விதிகள் மாறக்கூடியவை. பணம் போடுறதுக்கு முன்னாடி உங்க ஆடிட்டர்கிட்ட உங்க கணக்கைக் காட்டிக் கேட்டுக்குங்க.)